கீழ் மூலையில் கோவேறு கழுதைகள்

குடும்பக் குரூப்பில் காலையில் ஒரு சீன ஓவியம் வந்தது. படம் முழுக்கக் கருத்த பெருமலை. கீழே ஒரு வரி: ‘இயற்கைக்கு முன்னால் மனிதன் வெறும் தூசு. இனிய காலை வணக்கம்.’

படம் எனக்குத் தெரிந்ததுதான். சீன ஓவியர் ஃபான் குவான் கி.பி. 1000 வாக்கில் பட்டுத்துணியில் வரைந்தது. தைவானில், தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 206 செ.மீ. உயரம், நம்மைவிட உயரம். அதை உள்ளங்கை அகல ஃபோனில் பார்த்தால் மலை மட்டும்தான் தெரியும். தூசுத் தத்துவம் தோன்றாமல் என்ன செய்யும்?

விரலால் விரித்து வலது கீழ் மூலைக்குப் போங்கள். பொதி ஏற்றிய கோவேறு கழுதைகள் வரிசையாக வருகின்றன. ஓட்டுபவர்கள் இரண்டு பேர். அவர்களில் யாரும் அண்ணாந்து மலையைப் பார்த்து வியக்கவில்லை. சரக்கு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்கு மேலே மரங்களுக்கிடையில் கோயில் கூரைகள். மலைமேல் நூலாக இறங்கும் அருவி. ‘மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள்’ என்பதுதான் படம் வழங்கிவரும் பெயர். அந்தக் கழுதைகளை விரலால் மறைத்துப் பாருங்கள், மலையின் உயரமே பிடிபடாது.

இன்னொன்று. ஓவியரின் கையொப்பம் எங்கே என்று நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. 1958-ல்தான் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். கழுதை வரிசைக்குப் பக்கத்தில், இலைகளோடு இலையாக இருந்தது. சிகரத்தில் எழுத அவ்வளவு இடம் இருந்தும், மனுஷன் தன் பெயரைப் போட்டது பொதிக்காரர்களுக்குப் பக்கத்தில். தன்னைத் தூசு என்று நினைத்தவர் செய்கிற வேலையாக எனக்குப் படவில்லை.

அதே நூற்றாண்டில் பின்னால் வந்த அரண்மனை ஓவியர் குவோ சி இன்னும் வெளிப்படை. உத்தியோகத்தையும் பெற்றோரையும் விட்டுவிட்டு மலைக்கு ஓட முடியாதவர்களுக்காகத்தான் மலை ஓவியம் என்கிறார். நடக்கலாம், பார்க்கலாம் என்கிற மலை போதாதாம். சுற்றித் திரியவும் குடியிருக்கவும் தோன்ற வேண்டுமாம். நீர் மலையின் ரத்தம், மரமும் புல்லும் அதன் மயிர் என்றும் சொல்கிறார். அதாவது மலையே ஓர் உடம்பு. இதில் யார் பெரியவர், யார் தூசு?

என் வாதத்துக்கு இடிக்கிற ஆள் ஒருவர் உண்டு, பதினான்காம் நூற்றாண்டுச் சீன ஓவியர் நீ சான். சொத்தைத் துறந்து படகில் அலைந்தவர். 1372-ல் அவர் வரைந்த ஓவியத்தில் ஆளே இல்லை. இந்தக் கரையில் சில மரங்கள், நடுவில் ஒன்றுமே வரையாத வெறும் பரப்பு, அதுதான் நீர். அக்கரையில் தாழ்ந்த மலை. ஆனால் மரத்தடியில் ஒரு சின்ன மண்டபம், காலியாக. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கிறது. அந்தக் காலி மண்டபம்தான் எனக்கு மலையைவிட அதிகம் உறுத்துகிறது.

குரூப்பில் சண்டை போடவில்லை. கழுதைகள் இருக்கும் மூலையை மட்டும் வெட்டி அனுப்பினேன். சித்தப்பா கேட்டார்: “நல்லா இருக்கே, இது என்ன படம்ப்பா?”