எலும்பு உடையவில்லை என்ற அந்த ஒரு வரி

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில், மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு சிறு சரக்கு வண்டி, டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் அக்கா மகனை இடித்தது. அவனுக்கு வயது பன்னிரண்டு. வண்டி வேகமாக வரவில்லை. பையனும் உடனே எழுந்து நின்றுவிட்டான். டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள் கை கால்களை மடக்கி நீட்டிப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, "எலும்பு எதுவும் உடையல, பயப்படாம வீட்டுக்குப் போ தம்பி" என்று அனுப்பி வைத்தார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் சொன்ன அந்த வரி தவறானது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரவு பத்து மணிக்கு அவன் இடது தோள்பட்டை வலிக்கிறது என்றான். விழுந்ததில் தோளில் அடிபட்டிருக்கும் என்று அக்கா தைலம் தேய்த்தாள். விடியற்காலையில் வாந்தி எடுத்து முகம் வெளுத்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருந்தது தெரிந்தது. வயிற்றுக்குள் கசியும் இரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே திரைபோல இருக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும்போது, அந்த வலியை மூளை இடது தோளின் வலியாக உணர்கிறது என்று மருத்துவர் விளக்கினார். வயிற்றின் மேல்பகுதியில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, சிவந்த வட்டம் ஒன்று இருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

அந்த வட்டம் ஹேண்டில்பார் முனையின் அச்சு. சைக்கிள் சாயும்போது முன்சக்கரம் திரும்பிக்கொள்கிறது; ஹேண்டில்பாரின் ஒரு முனை தரையில் ஊன்ற, மறுமுனை ஈட்டியைப் போல ஓட்டுபவரின் வயிற்றை நோக்கி நிற்கிறது. அந்தக் குழாயின் விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர்தான். விழும் உடலின் எடை முழுவதும் அந்தச் சிறு வட்டத்தின் வழியாகவே உள்ளே இறங்குகிறது. பிள்ளைகளின் வயிற்றுத் தசை மெலிந்தது; அவர்களுடைய கல்லீரலும் மண்ணீரலும் உடலளவை ஒப்பிடும்போது பெரியவை, விலாக்கூட்டின் மறைவிலிருந்து சற்றுக் கீழே இறங்கி நிற்பவை. கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்புக்கு முன்னால் இருப்பதால், முனைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே சிக்கி நசுங்குகின்றன. தோல் கிழியாததால் வெளியே ஒரு சொட்டு இரத்தமும் தெரியாது. உள்காயத்தின் அறிகுறிகள் வெளிப்படப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

எலும்பைப் பற்றிய நம்முடைய நம்பிக்கையே பிள்ளைகள் விஷயத்தில் தலைகீழானது. வளர்ந்தவரின் விலா எலும்பு முறியும்போது, மோதலின் ஆற்றலில் ஒரு பங்கை அந்த முறிவே விழுங்கிக்கொள்கிறது. சிறுவனின் விலாவோ முறியாமல் வளைந்து, உள்ளே இருக்கும் நுரையீரலை அழுத்திவிட்டு, மறுபடி தன் நிலைக்குத் திரும்பிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முழுதாக இருக்க, நுரையீரல் கன்றிப்போயிருக்கும். அதனால்தான் ஒரு குழந்தையின் விலா உண்மையிலேயே முறிந்திருந்தால், மிகப் பெரிய விசை தாக்கியிருக்கிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கை அடைகிறார்கள். முழங்கால், மணிக்கட்டு அருகே எலும்பு நீளக் காரணமான குருத்துப் பகுதியில் படும் அடியும் இப்படித்தான் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரத் தொடங்கிய பிறகு தெரியவரும்.

இவ்வளவும் மெதுவாக வந்த ஒரு வண்டியால் நேரக்கூடியவை. காரிமங்கலத்திலும் காவேரிப்பட்டணத்திலும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிச் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம். 60 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் 14 மீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததன் பொருள் இதுதான். வண்டியின் முகமும் முக்கியம். தாழ்ந்த முகமுள்ள கார் மோதினால் உடல் பானட்டின் மேல் ஏறிச் சரிய வாய்ப்புண்டு. கிரானைட் லாரியும் பேருந்தும் செங்குத்தான முகத்தோடு மார்பிலும் தலையிலும் நேராக மோதி, பிள்ளையை முன்னால் தள்ளி, அதே வண்டியின் சக்கரப் பாதையில் போட்டுவிடுகின்றன.

இந்த நிலையில் கார்களின் முன்னால் இரும்புக் கம்பியைப் பொருத்திக்கொள்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பானட் தகடு சில சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுப்பதால்தான் விசை குறைகிறது. ஐந்து சென்டிமீட்டரில் நிற்க வேண்டிய தலை ஒரு சென்டிமீட்டரில் நின்றால், சராசரி விசை ஐந்து மடங்காகும். இந்தக் கம்பிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் அரை மணி நேரம் நின்று பார்த்தால், கம்பி பொருத்திய வண்டிகள் எத்தனையோ கடந்து போகின்றன. சொந்த வண்டியில் கீறல் விழாமல் இருக்க அடுத்த வீட்டுப் பிள்ளையின் மண்டை ஓட்டைப் பணயம் வைக்கிறோம் என்று அவற்றைப் பொருத்தியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வண்டி இடித்த பிள்ளை நடந்தாலும் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். வட்டமான தடம் இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டி, ஹேண்டில்பார் குத்தியது என்று சொல்லுங்கள். செலவுக்கு அஞ்ச வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் விபத்துக்கான முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

அக்கா மகனுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. படுக்கையில் வைத்துக் கண்காணித்ததிலேயே இரத்தக்கசிவு நின்றது. ஊர் திரும்பியதும் அவனுடைய சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். இடது கைப்பிடியின் ரப்பர் தேய்ந்து, இரும்புக் குழாயின் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது பல மாதங்களாகவே அப்படி இருந்திருக்கிறது. அதே சைக்கிளுக்கு நான் எத்தனையோ முறை காற்றடித்துக் கொடுத்திருக்கிறேன்.