முட்டியில் தொடங்கிக் கல்லீரல் வரை போகிற கிளெய்ம்

"சாப்பாட்டைக் குறைக்காமல் உடம்பை ஏற்றிவிட்டு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்ததும் அரசாங்கத்திடம் காசு கேட்பதா?" அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் ஃபேட்டி லிவருக்கு டிசெபிலிட்டி கிளெய்ம், அதாவது ராணுவப் பணியால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் விண்ணப்பம், போடுகிறார்கள் என்று பேச்சு வந்தாலே இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் காலாட்படையில் இருந்தவர். முதுகில் சுமையோடு வண்டியிலிருந்து குதித்ததில் முட்டி போய்விட்டது. அவர் மாடிப்படி இறங்குவதைப் பார்க்க வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை முதலில் கீழே வைத்து, அப்புறம் இன்னொரு காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, ஒரு நொடி நின்று, அடுத்த படி. ராணுவத்தில் தினமும் மைல் கணக்கில் ஓடிய மனிதர். ஓட்டம் நின்றது, பசி நிற்கவில்லை, எடை ஏறியது. இவரைப் போன்ற பலருக்குப் போர்க்கள நினைவுகளால் தூக்கமும் போய், அதற்குத் தரப்படும் மிர்டசபின், குவெட்டியபின், ஒலான்சபின் மாதிரி மாத்திரைகளே எடையைக் கூட்டுகின்றன. இது எந்த மருத்துவருக்கும் தெரிந்த விஷயம்தான். எடை ஏற ஏறக் கல்லீரலிலும் கொழுப்பு சேர வாய்ப்பு கூடுகிறது, அது 5 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஃபேட்டி லிவர். உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் வீக்கம் தணியும், அதற்கு மேலும் குறைந்தால் தழும்புகூட ஆறலாம் என்கிறார்கள். நல்ல அறிவுரை, ஆனால் முட்டி போனவர் அதை எப்படிச் செய்வார் என்று சொல்பவர் யோசிக்க வேண்டாமா?

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது பலருக்குப் பாதிதான் தெரியும். வி.ஏ., அதாவது முன்னாள் படைவீரர் நலத்துறை, உடல் பருமனைத் தனி இயலாமையாக ஏற்பதில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013லேயே அதை நோய் என்று அறிவித்தபோதும், துறையின் தலைமைச் சட்ட அலுவலகம் 2017 ஜனவரியில் தந்த கருத்தில், இழப்பீட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை பருமன் நோயல்ல என்றே சொன்னது. பெரும்பாலானவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே கருத்தின் அடுத்த பகுதிதான் முக்கியம். ராணுவப் பணியால் வந்ததாக ஏற்கப்பட்ட ஒரு பாதிப்புக்கும் பின்னால் வந்த நோய்க்கும் நடுவே பருமன் ஒரு கண்ணியாக இருக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. கேள்விகள் மூன்று. ஏற்கப்பட்ட அந்தப் பாதிப்பால்தான் எடை கூடியதா, அந்த எடை புதிய நோய் வருவதற்குக் கணிசமான காரணமா, எடை கூடாமல் இருந்திருந்தால் அந்த நோய் வந்திருக்காதா. மூன்றுக்கும் ஆம் என்றால், முட்டிக்கு ஏற்கெனவே இழப்பீடு வாங்குபவர் கல்லீரலுக்கும் கேட்கலாம்.

முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ல் வால்ஷ் வழக்கில் இன்னொரு படி போய், ஏற்கெனவே இருந்த பருமனை அந்தப் பாதிப்பு மோசமாக்கியிருந்தாலும் இந்த வழி பொருந்தும் என்றது. 2021ல் கார்னர் வழக்கில், ஃபைலில் அதற்கான சான்று இருந்தால் வீரர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் வி.ஏ. அந்தக் கோணத்தைப் பார்த்தாக வேண்டும், ஆனால் ஆள் பருமனாக இருக்கிறார் என்ற குறிப்பு மட்டும் போதாது என்றது. இந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. வி.ஏ. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் எடை பார்த்துப் பதிகிறார்கள், முட்டி எப்போது போனது என்பதும் அவர்கள் ஃபைலில் இருக்கிறது, என்ன மாத்திரை எந்த மாதம் தொடங்கியது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இத்தனையையும் கையில் வைத்திருப்பவர்களே தொடர்பைப் பார்க்கட்டுமே. சட்டம் படிக்காத ஒரு நோயாளி மருத்துவரிடம் போய் "இப்படி எழுதிக் கொடுங்கள்" என்று கெஞ்ச வேண்டிய நிலை ஏன்?

கேம்ப் லெஜூன் கதை இன்னும் வருத்தமானது. வட கரோலினாவில் இருக்கும் அந்த மரைன் படை (கடல்வழியே தரையிறங்கிப் போரிடும் படை) முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன் போன்ற ரசாயனங்கள் கலந்திருந்தன. 2012 சட்டப்படி அங்கே 30 நாளாவது இருந்தவர்களுக்கு 15 நோய்களுக்கு வி.ஏ. சிகிச்சைச் செலவை ஏற்கிறது, அதில் ஃபேட்டி லிவரும் ஒன்று. ஆனால் 2017ல், தண்ணீரால்தான் வந்தது என்று தனியே நிரூபிக்காமலே இழப்பீடு தரலாம் என்று எட்டு நோய்களைப் பட்டியலிட்டபோது கல்லீரல் புற்றுநோய் உள்ளே வந்தது, ஃபேட்டி லிவர் வரவில்லை. சிகிச்சைக்குத் தகுதியான நோய், இழப்பீட்டுக்கு மட்டும் மறுபடி தொடக்கத்திலிருந்து நிரூபிக்க வேண்டிய நோய். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாதிப்பு எவ்வளவு என்பதை வி.ஏ. விழுக்காட்டில் மதிப்பிடுகிறது, தொகையும் அதைப் பொறுத்ததுதான். "ஃபேட்டி லிவருக்கு 0 விழுக்காடுதானே கிடைக்கும், எதற்கு அலைச்சல்?" என்றும் கேட்கிறார்கள். தொந்தரவு எதுவும் தெரியாதவருக்கு 0 வரலாம், சரி. விட்டு விட்டு வரும் அசதி, கல்லீரல் வீக்கம், உடல் அரிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலே 20 விழுக்காடு என்கிறது 2024 மே மாதம் மாறிய அட்டவணை. அந்த 0 விழுக்காட்டையும் லேசாக நினைக்கக் கூடாது. ராணுவப் பணியோடு தொடர்புடையது என்று ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால், நாளைக்கு அது சிரோசிஸாகவோ (கல்லீரல் முழுக்கத் தழும்பேறும் நிலை) புற்றுநோயாகவோ முற்றும்போது மறுபடி முதலிலிருந்து வாதாட வேண்டாம். அவர் அதனால் இறந்துபோனால் மனைவி பிள்ளைகள் உதவித்தொகை கேட்பதற்கும் அதுவே ஆதாரம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த நிலையில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். மருத்துவர் கடிதத்தில் "தொடர்பு இருக்கலாம்" என்ற ஒரு வரி போதாது. முட்டி போவதற்கு முன் எடை என்ன, பின் என்ன, எந்த மாத்திரைக்குப் பிறகு எவ்வளவு ஏறியது, ஸ்கேனில் எப்போது தெரிந்தது என்று வரிசையாக எழுதி, தொடர்பு இருக்க வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி என்று முடிக்க வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால் அதிலுள்ள தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மேலே போகலாம். அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் அங்கீகாரம் பெற்ற ஆட்கள் இதைக் காசு வாங்காமல் செய்து தருகிறார்கள். முதல் கிளெய்ம் தயாரிக்கக் கட்டணம் வாங்க மத்தியச் சட்டத்தில் இடமில்லை, அதனால் வரப்போகிற தொகையில் பங்கு கேட்டு போன் செய்பவர்களிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.