இரண்டு வாரம் இருட்டறை என்பது பழைய கதை

தலையில் அடிபட்டு கன்கஷன் (அடியின் அதிர்வால் மூளையின் செயல்பாடு தற்காலிகமாகக் கெடுவது) ஆனவர் இரண்டு வாரம் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும், சிடி ஸ்கேன் நார்மல் என்றால் உடனே விளையாடப் போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தப்பு (ஒன்றுக்கொன்று ஒத்தும் வரவில்லை).

ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷனில் கெடுவது மூளை செல்களின் செயல்பாடு. அது படத்தில் தெரியாது.

விளையாட்டில் வரும் கன்கஷன் பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் சர்வதேச மாநாட்டு வழிகாட்டல்படி முதல் 24–48 மணி நேரம்தான் ஓய்வு. அப்போதும் வீட்டுக்குள் நடமாடலாம். மொபைல், டிவியை மட்டும் குறைக்க வேண்டும். பிறகு நடை அல்லது ஒரே இடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிள். இதயத்துடிப்பு முதலில் உச்ச அளவில் 55%, தாங்கினால் 70%. உச்ச அளவு தோராயமாக 220 கழித்தல் வயது. 20 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 110, பிறகு 140. தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டு, முன்பிருந்ததைவிட இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் முயலலாம். லேசாக ஏறி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் தூக்கம் கெடும், தலைசுற்றலும் மனச்சோர்வும் நீளும்.

பந்தோ தலையோ மோதும் விளையாட்டுக்கு, அறிகுறிகள் முழுதாக நீங்கி மருத்துவர் அனுமதித்த பிறகே திரும்ப வேண்டும். ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் ஆபத்து பல மடங்கு.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கை கால் பலவீனம், எழுப்ப முடியாத மயக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.