அடுத்த வாரமும் வருவீர்களா?

சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நிறுவனம் நடத்திய ஒருநாள் அறிவியல் நிகழ்ச்சியைப் பலரும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். நிறுவன டீ-ஷர்ட் போட்ட இளைஞர்கள், நுரை பொங்கும் எரிமலை, கை தட்டும் பிள்ளைகள். போட்டோவில் வராததை நான் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அவர்கள் கொடுத்த காந்தத்தை முற்றத்து மணலில் புரட்டினாள். கறுப்பு மணல் அப்பிக்கொண்டு வந்தது. "எக்கா, கறுப்பு மண்ணு மட்டும் ஏன் ஒட்டுது?" என்று கேட்டாள். குரூப் போட்டோ முடிந்ததும் சொல்கிறேன் என்றார்கள். போட்டோ முடிந்தது. காந்தத்தை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தார்கள். மதியம் வேறொரு பள்ளிக்கூடமாம். வேன் போய்விட்டது.

அவள் கேட்டது சாதாரணக் கேள்வியா? எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரை மணலில் இல்மனைட் இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம், அதனால்தான் நல்ல காந்தம் அதை இழுக்கிறது. கூடவே தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உள்ள மோனசைட் கனிமமும் உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பிள்ளையின் பாட்டி கயிறு திரித்தவர். இதைவிட நல்ல பாடம் எந்தப் பெட்டியில் இருக்கிறது? பதில் தெரியாவிட்டால் குற்றமில்லை. "தெரியல மக்களே, கேட்டுட்டு அடுத்த வாரம் வந்து சொல்றேன்" என்றிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் என்பதே அவர்கள் திட்டத்தில் இல்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

திரும்பி வராதவர்கள் அறிவியல் சொல்லித்தர முடியாது. 2010 ஜனவரி 15 வளைய சூரிய கிரகணம் நம் மாவட்டத்தின் மேல் போனது நினைவிருக்கிறதா? பொங்கல் லீவு, அமாவாசை வேறு. வெளியே தலைகாட்டாதே என்று வீட்டில் பயமுறுத்தினார்கள். எங்கள் சார் வீடு வீடாக வந்து கூட்டிப்போனார். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டில் ஓட்டை போட்ட தாளை ஒட்டி, வகுப்புச் சுவரில் சூரியனை விழவைத்தார். மதியம் ஒரு மணி தாண்டியதும் அது வளையமாயிற்று. வேப்பமரத்தடிக்கு ஓடினோம், நிழலுக்கு நடுவே விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாமே வளையங்கள். ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. லீவு முடிந்து திங்கள்கிழமை வந்து கேட்டேன், மறுபடியும் கேட்டேன். அந்தச் சார் அங்கேயே இருந்தார். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளைக் கேமரா, சூரியனின் உருவத்தையே தரையில் விழவைக்கிறது என்று புரியும்வரை சொல்லித் தந்தார்.

"மெனக்கெட்டு வந்தவர்களைக் குறை சொன்னால் இனி யார் வருவார்கள்?" என்று கேட்பீர்கள். சரி. வந்த இளைஞர்கள் சனிக்கிழமை ஓய்வை விட்டுத்தான் வந்தார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு நாளில் பள்ளிகளை அடுக்கிவைத்துத் திட்டம் போட்டவர்களை மதிக்க முடியவில்லை. பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்வது 2013 கம்பெனிச் சட்டம். ஒருநாள் நிகழ்ச்சி அந்தக் கணக்கில் வராது, தொடர் திட்டமாகச் செய்யுங்கள் என்று 2014-லேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. அதையேதான் நானும் கேட்கிறேன்.

"அரசு மட்டும் என்ன கிழித்தது?" என்பீர்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் செய்துபார்த்து அறிவியல் கற்கும் வானவில் மன்றம் நடக்கிறது. குறைகள் இருக்கலாம், ஆனால் சொல்லித்தரும் கருத்தாளர் மறுபடியும் வருவார்.

உண்மையில் என்னைச் சுட்டது போட்டோவுக்கு மேல் அவர்கள் போட்ட வரி. "இருளில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதல் வெளிச்சம்." யார் இருளில் இருக்கிறார்கள்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் இது. இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் இதே மாவட்டத்துச் சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் இங்கே மேலக்காட்டுவிளைக்காரர். இரண்டு பேரும் தமிழ் வழியில் படித்தவர்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பணம் இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. அது உண்மை, உதவி வேண்டும்தான். அதற்காக அவர்களை ஒன்றும் தெரியாதவர்களாக ஊருக்குக் காட்டாதீர்கள். கேள்வி கேட்டது அவள். பதில் சொல்லாமல் போனது நீங்கள்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். அப்புறம் மாதம் ஒரு சனிக்கிழமை, அதே ஆட்கள், அதே பள்ளிக்கூடம் என்று ஒரு வருடத்துக்கு எழுதிக்கொடுங்கள். சாவி வாங்கித் திறந்துவைக்கும் வேலையை நானே பார்க்கிறேன்.