இதழியல் முதுகலை வீண் இல்லை
"இதழியலில் முதுகலை படிப்பது வீண், ஆறு மாசம் செய்தி அறையில் உட்கார்ந்தால் போதும்" என்று இங்கே வந்த கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து அபிஷேகப்பட்டி போய், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ரெண்டு வருஷம் படித்தவள். தலைப்பு வைப்பதும் வேகமாக எழுதுவதும் வேலைக்குப் போன பிறகுதான் வந்தது, சரி. ஆனால் 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவது, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்வது எல்லாம் படிக்கும்போதே செய்து பார்த்தோம். ஆய்வேட்டுக்காக எங்கள் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கும் முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அக்காமாரைப் பார்க்கப் போனபோது முதல் ரெண்டு நாள் யாரும் பேசவில்லை, கூட உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்த மூன்றாம் நாள்தான், சரியில்லை என்று தள்ளும் பீடிக்குக் கூலி பிடிப்பதைப் பற்றியே வாய் திறந்தார்கள், அவ்வளவு அவகாசத்தை எந்த அலுவலகம் புதுசாக வந்தவருக்குக் கொடுக்கும்? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி தாமிரபரணி ஊருக்குள் வந்தபோதும், வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே போடாமல் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று முதலில் விசாரிக்கத் தோன்றியது படிக்கும்போது வந்த பழக்கத்தால்தான். அப்புறம், சென்னையில் படித்தால்தான் மதிப்பு என்று மேலே பின்னூட்டம் எழுதிய தம்பி, உள்ளூரில் படித்ததால்தான் முக்கூடலுக்கு என்னால் மூன்றாம் நாளும் போக முடிந்தது.