இருபது நிமிஷம் என்று சொல்லி நாலு நிமிஷம் கொடுத்தார்கள்

இன்று மத்தியானம் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தால் போன் விடாமல் அலறுகிறது. ஆங்கில ஆசிரியர் மாநாட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுகிறார்கள். எண்ணினேன், 118 போட்டோ. குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், விழா மலர் வெளியிடுகிறார்கள், மறுபடியும் பொன்னாடை. கடைசியில் "மாபெரும் வெற்றி, அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி. பேப்பர், அதாவது கட்டுரை, வாசிக்க வந்த ஒரு டீச்சரின் முகம் அந்த 118-ல் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு வரியில் பொங்கிவிட்டது. எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

யாருடைய வெற்றி? ரெஜிஸ்ட்ரேஷன் 1,500 ரூபாய் என் கைக்காசு. ஓ.டி. கிடையாது, வேலை நாளாகக் கணக்கு வைக்க முடியாது என்று எச்.எம். கையை விரித்துவிட்டதால், வருடத்துக்கு இருக்கிற 12 சி.எல்.-லில் (தற்செயல் விடுப்பில்) ஒன்றைப் போட்டுவிட்டுப் போனேன். வியாசர்பாடியில் காலை ஆறரைக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஓ.எம்.ஆரின் அந்தக் கோடியில் இருக்கும் காலேஜுக்கு ஒன்பதுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஒன்பதரைக்குத் துவக்க விழா என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. சீஃப் கெஸ்ட் வந்தது பதினொன்று ஐந்துக்கு. அதுவரை முந்நூறு ஆசிரியர்கள் கையைக் கட்டிக்கொண்டு காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம்மிடம் ஒரு பையன் ஐந்து நிமிஷம் லேட்டாக வந்தால் வாசலில் நிறுத்துகிறோமே!

என் பேப்பர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அங்கே சொல்ல விடவில்லை, இங்கேயாவது சொல்கிறேன்.

'பின்' என்று தமிழில் எழுதிப் பாருங்கள். குத்துகிற பின்னும் அதுதான், குப்பை போடுகிற பின்னும் அதுதான். ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதினால்கூட P, B இரண்டும் 'பி'. தமிழுக்கு இது குறையே கிடையாது. 'பாம்பு' என்ற ஒரே சொல்லில் முதல் எழுத்து ஒரு மாதிரி ஒலிக்கிறது, 'ம்'முக்குப் பின்னால் வருவது வேறு மாதிரி ஒலிக்கிறது. எழுத்து இருக்கும் இடத்தைப் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது, அதனால் ஒரு எழுத்தே போதும். ஆங்கிலத்தில் அப்படி நடக்காது. அங்கே ஒலி மாறினால் சொல்லே மாறிவிடும். எங்கள் பிள்ளைகள் வாசிப்பில் இடறி விழுகிற இடம் இதுதான். உடனே "இந்த ஏரியாப் பசங்களுக்கு வாய் வராது" என்று ஒரு முத்திரை குத்திவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக ஸ்டாஃப் ரூமில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வாய் வராதாம்! அதே பையன் மெட்ராஸ் பாஷையில் 'பேஜார்' என்று சொல்லும்போது கேளுங்கள். ஆங்கிலத்தில் எந்த ஒலி வராது என்று சொல்கிறார்களோ அதே ஒலி, அச்சு அசலாக, சொல்லின் முதலிலேயே வரும். 'கலீஜ்' சொல்லச் சொல்லுங்கள், 'கானா' சொல்லச் சொல்லுங்கள், அந்தக் 'க'வும் 'கடல்' என்பதில் வரும் 'க'வும் ஒன்றா? 'டபாய்க்கிறான்' என்பதில் வரும் 'ட'வும் 'டீ'யில் வரும் 'ட'வும் ஒன்றா? இரண்டு ஒலியும் இந்தப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த தெருவிலேயே இருக்கின்றன. எந்த ஆங்கில எழுத்துக்கு எது என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நான் போர்டில் இரண்டு பத்தி பிரித்தேன். ஒன்று பேஜார் 'ப', இன்னொன்று பேப்பர் 'ப'. புதுச் சொல் வரும்போதெல்லாம் "பேஜாரா, பேப்பரா?" என்று கேட்பேன், வகுப்பே கத்தும். ஜூனில் 38 பிள்ளைகளின் குரலையும் என் போனில் பதிவு செய்தேன், பிப்ரவரியில் மறுபடியும் பதிவு செய்தேன். முதல் பதிவில் இரண்டு 'பின்'னையும் ஒன்றாகவே வாசித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவதில் சுத்தமாகப் பிரித்து வாசித்தார்கள். ஒரு பெண், தனக்கே திருப்தி வரும்வரை ஆறு தடவை "இன்னொரு வாட்டி மிஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த ஆறும் என் போனில் இருக்கிறது.

இதைத்தான் இருபது நிமிஷத்தில் சொல்ல வந்தேன்.

சீஃப் கெஸ்ட் வந்த பிறகு மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை, நினைவுப் பரிசு. வரவேற்புரையே மூன்று பேர். அப்புறம் கீநோட், ஒன்றேகால் மணி நேரம். ஸ்லைடில் இருந்ததை வரி விடாமல் வாசித்தார்கள். வகுப்பில் டீச்சர் பேசுகிற நேரத்தைக் குறைக்க வேண்டும், மாணவரைப் பேசவிட வேண்டும் என்பதுதான் தலைப்பு. ஒருவரைக்கூட ஒரு கேள்வி கேட்க விடவில்லை.

நடுவில் என்.எஸ். பிரபுவின் பெயர் போட்டு ஒரு ஸ்லைடு வந்தது. எனக்கு வயிறு எரிந்ததே அங்கேதான். ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்று ஆராய்ந்தவர், இதே சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர் பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளின் வகுப்பறைக்குள் போய், இலக்கணத்தை ஒப்பிக்க வைக்காமல் ரயில் அட்டவணை, வரைபடம் என்று யோசிக்கிற வேலை கொடுத்து ஆங்கிலம் வருகிறதா என்று பார்த்தார்கள். தான் செய்வது பலிக்கும் என்று டீச்சருக்கு உள்ளுக்குள் இருக்கும் உணர்வுதான் முக்கியம் என்று 1990-ல் எழுதியவர் அவர். அந்த மனிதரின் பெயரை மேடையில் சொல்லிவிட்டு, வகுப்பறையிலிருந்து வந்தவர்களை மூன்றாவது மாடியில் ஃபேன் ஓடாத ரூமில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

சாப்பாடு முடிய இரண்டே முக்கால். எங்கள் ரூமில் பதினொரு பேப்பர். நான் ஒன்பதாவது. முதல் மூன்று பேருக்குப் பத்துப் பத்து நிமிஷம், அப்புறம் ஏழு, அப்புறம் ஐந்து. மூன்றே முக்காலுக்கு வாலன்டியர் பையன் ஒருவன் தலையை நீட்டி "கீழே சர்டிஃபிகேட் கொடுக்கிறாங்க" என்றான். ரூம் காலி. சர்டிஃபிகேட்டுக்கு ஓடிய காலேஜ் ஆசிரியர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. 2010-ல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஏ.பி.ஐ. என்று ஒரு மதிப்பெண் கணக்கைக் கொண்டுவந்ததிலிருந்து அவர்கள் பதவி உயர்வுக்குப் பேப்பரையும் எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது, அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. எங்களைப் போன்ற ஸ்கூல் டீச்சர்களுக்கு அந்தக் காகிதத்தால் ஒரு பைசா லாபம் இல்லை. நாங்கள் பேசத்தான் வந்தோம்.

நான் எழுந்தபோது ஐந்து பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர்கள். தலைமை வகித்தவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேடம், நாலு நிமிஷம்" என்றார். மேஜையில் ஒரு பித்தளை மணி, தலையில் தட்டினால் டிங் என்கிற ரகம். அவருடைய உள்ளங்கை அதன் மேலேயே இருந்தது. நான் பேசத் தொடங்குவதற்கு முன்னாலேயே கை அங்கே இருந்தது!

முதல் நிமிஷம் பென் டிரைவ் திறக்கவே போய்விட்டது. இரண்டாவது நிமிஷம் பிள்ளைகளின் குரலைப் போட்டேன், சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் ஒயரை நிறைவு விழாவுக்காக மெயின் ஹாலுக்குக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சரி என்று என் போனையே மைக்கில் வைத்தேன். மைக் ஆஃப். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ஜூன் மாதக் குரல் பாதி போனது. பிப்ரவரிக் குரல் தொடங்க வேண்டும், என் விரல் அந்தப் பட்டன்மேல்தான் இருக்கிறது. டிங்.

"சார், ஒரு நிமிஷம் சார், இதைக் கேட்டாத்தான் சார் புரியும்."

டிங்.

"டைம் ஓவர் மேடம். ஒரே ஒரு சஜஷன். இந்த மாதிரி கொச்சை வார்த்தையெல்லாம் கிளாஸ்ரூமுக்குள்ள கொண்டு வராதீங்க. நெக்ஸ்ட்?"

என் ஸ்லைடில் அவர் பார்த்தது 'பேஜார்' என்ற ஒரு சொல்லை மட்டும்தான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கொச்சையா? அது என் பிள்ளைகளின் அம்மா பேசுகிற பேச்சு. அதைப் பிடித்துத்தான் அவர்கள் ஆங்கிலத்துக்குள் ஏறி வந்தார்கள். இந்த மாநிலத்தில் 1960-ஐ ஒட்டி 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி கொடுக்க இறங்கினார்கள், 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். கற்றுக்கொண்ட டீச்சர் அடுத்த டீச்சருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் அடிப்படையே. அது நடந்த ஊரில் ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குச் சொல்ல வந்ததைக் கேட்க ஆள் இல்லை, ஒயர் இல்லை, பதினாறு நிமிஷம் இல்லை. பொன்னாடைக்கு மட்டும் நேரம் இருந்தது.

எனக்கு அடுத்துப் பேப்பர் வாசிக்கக் காத்திருந்த செங்கல்பட்டு டீச்சர், படியில் இறங்கும்போது, "அந்த ரெக்கார்டிங்கை எனக்கு அனுப்புங்க சிஸ்டர், எங்க பசங்களும் இதே மாதிரிதான்" என்றார். பஸ் வரும்வரை நின்று அவருக்குப் போட்டுக் காட்டினேன். நாள் முழுக்க மாநாடு என்று ஒன்று நடந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

இரண்டாவது பதிவு எடுக்கும்போது, "பெரிய பெரிய புரொஃபசர்லாம் கேட்பாங்க, நல்லாச் சொல்லுங்க" என்று நான்தான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அவங்க முன்னாடி நாம பேஜார்னுலாம் சொல்லலாமா மிஸ்?" என்று கேட்டான். "தாராளமா சொல்லலாம்டா, அவங்களுக்குப் புரியும்" என்றேன்.

நாளைக்கு முதல் பீரியட் அந்த வகுப்புதான்.