ஓய்வெடுக்கச் சம்பளம் கொடுத்தது எகடெரின்பர்க்

அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை டயானா டராசியைப் பற்றி யார் எழுதினாலும் எண்ணில்தான் ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ வரலாற்றில் யாரும் தொடாத 10,646 புள்ளிகள், ஆறு ஒலிம்பிக் தங்கம், பீனிக்ஸ் மெர்க்குரி அணிக்கு மூன்று சாம்பியன் பட்டம். எல்லாமே உண்மை, எல்லாமே பெரிய சாதனை. ஆனால் பெண்கள் கூடைப்பந்தில் ஒரு தொழில்முறை வீராங்கனையின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமென்றால், அவர் அமெரிக்காவில் ஒரு பந்துகூடப் போடாத 2015ஆம் ஆண்டைத்தான் பார்க்க வேண்டும்.

2014இல் மெர்க்குரி 34 ஆட்டங்களில் 29 வென்று சாம்பியன் ஆனது. அடுத்த பிப்ரவரியில் டராசி ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார்: இந்தக் கோடையில் நான் ஆடவில்லை. அவர் குளிர்காலத்தில் ஆடிக்கொண்டிருந்த ரஷ்ய கிளப்பான யூஎம்எம்சி எகடெரின்பர்க், டபிள்யூஎன்பிஏ தரும் சம்பளத்தைவிட அதிகமாக நாங்களே தருகிறோம், வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தது. அன்று டபிள்யூஎன்பிஏவில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய உச்சச் சம்பளமே ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர். ரஷ்யாவில் அவருக்கு ஒரு சீசனுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் என்று அப்போது செய்தி வந்தது. பணத்தாசை, அணிக்குத் துரோகம் என்றெல்லாம் பலர் பேசினார்கள். அப்படிப் பேசியவர்கள் அவருடைய காலண்டரைப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

2014ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 12, சிகாகோவில் மூன்றாவது இறுதி ஆட்டம், பட்டம் கையில். செப்டம்பர் 27, துருக்கியில் உலகச் சாம்பியன்ஷிப் தொடக்கம். அக்டோபர் 5, இஸ்தான்புல்லில் ஸ்பெயினை வென்று தங்கம். அங்கிருந்து நேராக ரஷ்ய சீசன். அது உள்ளூர் லீக், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோலீக் இரண்டையும் சேர்த்து வசந்தகாலம் வரை இழுக்கும். அது முடிந்ததும் மே மாதம் பீனிக்ஸில் பயிற்சி முகாம் வாசலில் நிற்க வேண்டும். நடுவில் கிடைப்பது வாரக் கணக்குதான். இது ஒரு வருடத்துக் கதையும் இல்லை. 2004 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக மூன்றாவது தொடர் கல்லூரிப் பட்டம், அதே மாதம் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் முதல் தேர்வு, மே மாதம் முதல் தொழில்முறை ஆட்டம், ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கம். அதற்குப் பின் பத்து வருடம் ஏறக்குறைய இதே ஓட்டம்.

களைப்பு என்றால் மூச்சு வாங்குவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கோர்ட்டில் அது வேறு விதமாகத் தெரியும். டபிள்யூஎன்பிஏவில் மூன்று புள்ளிக் கோடு, அதாவது அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி கிடைக்கும் கோடு, 2013இல் 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப் போனது. அரை மீட்டர்தானே என்று தோன்றும். அந்த அரை மீட்டருக்கான விசை கையிலிருந்து வராது, முழங்காலிலிருந்தும் கணுக்காலிலிருந்தும் வர வேண்டும். கால் ஓய்ந்த ஆட்டக்காரியின் ஷாட் இடமோ வலமோ போகாது. நேராகப் போய் கூடை வளையமான ரிம்மின் முன்விளிம்பில் அடித்துக் கீழே விழும். நான்காவது குவார்ட்டரில் அடுத்தடுத்து இரண்டு பந்து முன்விளிம்பில் பட்டால் விவரம் தெரிந்த கோச் உடனே மாற்று ஆளை எழுப்புவார். ஏனென்றால் அந்த நிலையில் பெரும்பாலோர் குறையைத் தோளால் ஈடுகட்டப் பார்ப்பார்கள், முழங்கை வெளியே விலகும், பிறகு நன்றாக ஓய்வெடுத்த நாளில்கூட ஷாட் கெட்டுப்போகும். கெட்ட பழக்கத்தை அழிக்க மறுபடி ஆயிரக்கணக்கில் ஷாட் போட வேண்டும். அதற்கு ஆட்டமில்லாத மாதங்கள் வேண்டும். வருடம் முழுக்க ஆடுகிறவருக்கு அந்த மாதங்கள் எங்கே?

ஷாட் கெடுவதாவது திருத்தக்கூடியது. தசை ஓரிரு நாளில் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது மெதுவாகத்தான் தேறும். மேலே மேலே சுமை ஏறினால் ஒரு நாள் அறுந்துவிடும். பிரியான்னா ஸ்டூவர்ட் 2018இல் டபிள்யூஎன்பிஏவின் எம்விபி, அதாவது அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரி. அடுத்த ஏப்ரலில் ஹங்கேரியின் ஷோப்ரோனில், ரஷ்யாவின் டைனமோ குர்ஸ்க் அணிக்காக யூரோலீக் இறுதி ஆட்டம் ஆடும்போது ஷாட் போட்டுத் தரையிறங்கினார், எதிரணி ஆட்டக்காரியின் பாதத்தின் மேல் கால் பட்டது, குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. 2019 சீசன் முழுவதும் போயிற்று. லீக் தன்னுடைய சிறந்த ஆட்டக்காரியை இழந்தது, தான் நடத்தாத ஒரு போட்டியில். 2015இல் டராசி தவிர்க்கப் பார்த்தது இப்படி ஒன்றைத்தான் என்று நான் நம்புகிறேன்.

ரஷ்யாவில் அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? டிக்கெட் விற்று வந்ததல்ல. யூஎம்எம்சி என்பது யூரல் பகுதியின் சுரங்க, உலோக நிறுவனம். செம்பு விற்ற காசில் கௌரவத்துக்காக அணி நடத்தினார்கள். அதற்கு முன் டராசி ஆடிய ஸ்பார்ட்டக் மாஸ்கோவுக்குக் காசு போட்டவர் ஷப்தாய் கல்மனோவிச் என்ற தொழிலதிபர். அந்த அணி 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு யூரோலீக் பட்டம் வென்றது. 2009 நவம்பரில் மாஸ்கோ தெருவில் கல்மனோவிச்சைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு மனிதரின் ஆர்வத்தில் ஓடும் அணி அந்த மனிதர் போனால் ஆட்டம் காணும். சம்பளத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த ஆபத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆபத்து அதோடு நிற்கவும் இல்லை. 2010 கடைசியில் துருக்கியில் ஃபெனர்பாச்சே அணிக்கு ஆடும்போது டராசியின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தான மொடாஃபினில் இருந்ததாக அங்காரா ஆய்வகம் சொன்னது. கிளப் ஒப்பந்தத்தை முறித்தது. 2011 பிப்ரவரியில் அதே ஆய்வகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது, தடை நீங்கியது. தவறே செய்யாத ஒருவருக்குப் பாதி சீசனும் நல்ல பெயரும் போயிருந்தன. பெயரை மீட்டுவிட்டார், சீசனை யார் திருப்பித் தருவார்கள்? 2022 பிப்ரவரியில், மெர்க்குரியில் டராசியோடு ஆடிய பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானதும் அதே எகடெரின்பர்க் அணிக்கு ஆடப் போன வழியில்தான். டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில்தான் அவர் வெளியே வந்தார்.

"பெண்கள் லீக்குக்கு வருமானம் இல்லை, அப்புறம் சம்பளம் எப்படி ஏறும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஆண்கள் என்பிஏவில் கூடைப்பந்து வருமானத்தில் ஏறத்தாழ பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று ஒப்பந்தமே இருக்கிறது. பெண்கள் கேட்டது ஆண்கள் வாங்கும் தொகையை அல்ல, அந்தப் பங்கு முறையை. 2024இல் டபிள்யூஎன்பிஏ 11 ஆண்டுகளுக்குச் சுமார் 220 கோடி டாலருக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு அரங்குகளை நிரப்பிய கெய்ட்லின் கிளார்க்கின் முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். அந்த அக்டோபரில் வீராங்கனைகள் சங்கம் லீக்கோடு 2020இல் போட்ட ஊதிய ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. 2025 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்று சட்டையில் எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள். நியாயமான கோரிக்கை.

அந்த 2020 ஒப்பந்தத்தைக் குறை மட்டும் சொல்லக்கூடாது. பிரசவ விடுப்பில் முழுச் சம்பளம், குழந்தையோடு இருப்பவருக்கு இரண்டு படுக்கையறை வீடு, உச்சச் சம்பளம் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று நல்லவை இருந்தன. ஆனால் அதே ஒப்பந்தத்தில் ஒரு கொக்கியும் இருந்தது. வெளிநாட்டு சீசன் முடியாமல் பயிற்சி முகாமுக்குத் தாமதமாக வந்தால் 2023இல் அபராதம், 2024 முதல் அந்த சீசன் முழுக்க இடைநீக்கம், புதியவர்களுக்கு மட்டும் விலக்கு. வெளியே போகாதே என்று சொல்கிறவர்கள் முதலில் உள்ளே போதுமானதைத் தர வேண்டும், வரிசையே தலைகீழ். ஸ்டூவர்ட்டும் இன்னொரு வீராங்கனையான நஃபீசா கொலியரும் சேர்ந்து 2025 ஜனவரியில் மயாமி பக்கத்தில் அணிக்கு மூவர் ஆடும் அன்ரைவல்டு லீக்கை ஆரம்பித்ததை அதனால்தான் மனமாரப் பாராட்டுகிறேன். குளிர்காலச் சம்பளமும் கிடைக்கும், பாஸ்போர்ட்டையும் எடுக்க வேண்டாம்.

டராசிக்கு வருவோம். 2017க்குப் பிறகு அவர் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. உடம்பு அதற்குள் கணக்கைக் கேட்க ஆரம்பித்திருந்தது. 2019இல் முதுகு அறுவைச் சிகிச்சை, ஆறு ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. 2021இல் மார்பெலும்பில் முறிவு. ஆனாலும் அவர் நின்றதற்குக் காரணம், அவருடைய ஆட்டம் எப்போதும் குதிப்பை நம்பியதில்லை. ஆறடி உயரம்தான். பிக் அண்ட் ரோல் என்றால், சக ஆட்டக்காரி டிஃபெண்டரின் வழியில் மறைப்பாக, அதாவது ஸ்க்ரீனாக நிற்க, பந்து வைத்திருப்பவர் அவரைச் சுற்றி வருவது. அப்படி வரும்போது டராசி தன்னைத் தடுக்கும் டிஃபெண்டரின் இடுப்பைப் பார்ப்பார். டிஃபெண்டர் ஸ்க்ரீனுக்குப் பின்னால் புகுந்தால் அங்கேயே நின்று மூன்று புள்ளி. மேலே ஒட்டிக்கொண்டு வந்தால் அவரை முதுகில் சுமந்தபடி உள்ளே இரண்டு அடி, உதவிக்கு உயரமான டிஃபெண்டர் ஏறி வந்ததும் பந்து 6 அடி 9 அங்குலக் கிரைனரின் கையில். அவர் ஷாட் போடும்போது கூடைக்கு அருகே இருக்கும் கால் முதலில் ஊன்றும், மறு கால் வந்து சேரும் முன்பே பந்து மேலே ஏறத் தொடங்கியிருக்கும். அந்த அரை நொடிதான் அவருடைய வேகம். வயது அதைத் தொடவில்லை.

2023 ஆகஸ்ட் 3, பீனிக்ஸ், எதிரணி அட்லாண்டா. டபிள்யூஎன்பிஏ மொத்தக் கணக்கில் பத்தாயிரத்தைத் தொட டராசிக்கு 18 புள்ளி தேவை. மூன்றாவது குவார்ட்டரில் ஒரு மூன்று புள்ளியில் தொட்டார், அதோடு நிற்காமல் 42 எடுத்தார். அப்போது வயது 41.

எகடெரின்பர்க் சம்பளம் கொடுத்து வீட்டில் உட்கார வைத்த அந்தக் கோடைக்குப் பிறகு டபிள்யூஎன்பிஏ அவரிடமிருந்து இன்னும் ஒன்பது சீசன் ஆட்டத்தை வாங்கிக்கொண்டது. அணிகளுக்கு லீக் முழுச் சீசனுக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது 2024இல். அதற்கு முன், 2018இல் விமானம் ரத்தாகி 25 மணி நேரத்துக்கு மேல் அலைந்து வாஷிங்டன் வந்து சேர்ந்த லாஸ் வேகாஸ் அணி ஆட மறுத்தபோது, அதைத் தோல்வி என்றுதான் லீக் எழுதியது. 2021இல் அனுமதியில்லாமல் தனி விமானம் பிடித்ததற்காக நியூயார்க் அணிக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம். டராசியின் கிளப் ரஷ்யாவில் எத்தனையோ வருடம் முன்பே தனி விமானத்தில் பறந்தது. சொந்த நாட்டு லீக்கில் அந்த வசதி வந்து சேர்ந்த 2024, அவருடைய இருபதாவது சீசன், கடைசி சீசன்.